கட்டட வேலைத்தளத்தில் கண்ணியமும் சம நீதியும்

(ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நடைபெற்ற வீட்டுத் திட்டப் பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



செங்கல்லின் தரம், மணலில் கலந்துள்ள மண், சிமெண்டுக் கலவையின் விகிதம், கம்பியின் கனம் ஆகியவற்றைப் பற்றி ஒன்றியப் பொறியாளர் காலையில் விளக்கமாக எடுத்துரைத்தார். தளம் போட்ட பின் தண்ணீர் கட்டி நிறுத்தாவிட்டால் எத்தகைய கேடு விளையும் என்பதையும் படம் வரைந்து காட்டினார். அவற்றை மீண்டும் கூறி உங்கள் பொழுதைக் கவர நாம் விரும்பவில்லை. சுவரைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், அச்சுவரை எழுப்புகின்ற மனிதர்களைப் பற்றியும் சிறிது பேச வேண்டுமன்றோ? அவர்களுக்குரிய கூலி, அவர்களை அழைக்கும் முறை, அவர்கள் குடிக்கும் நீர், ஒதுங்கும் இடம் ஆகியவையே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் கூலியைக் கவனிப்போம். நம் ஊர்ப்புறங்களில் கட்டட வேலைக்கு வரும் ஆணைப் பெரியாள் என்றும், பெண்ணைச் சித்தாள் என்றும் அழைப்பது வழக்கம். சிற்றாள் என்னும் சொல்லே சித்தாள் ஆயிற்று. பெயரிலேயே ஒருவரைப் பெரியவராகவும் மற்றவரைச் சிறியவராகவும் நிறுத்திவிட்ட பிறகு, கூலியில் நூறு ரூபாயோ இருநூறு ரூபாயோ குறைப்பதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை போலும்! ஆயினும், கேட்டால் காரணம் கூறுவர். "பெண்பிள்ளை தூக்குவது குறைவு" என்பதே எல்லா ஊர்களிலும் நாம் கேட்கும் மறுமொழி.

இது மெய்தானா என்று பார்ப்பதற்கு ஒரு வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஓர் ஊரில் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் கட்டும் வேலை நடந்தது. சாலையோரம் இறக்கப்பட்டிருந்த செங்கல்லைச் சுவரடிக்குக் கொண்டுவரும் பணியில் ஆண்களும் பெண்களும் ஒருங்கே ஈடுபட்டிருந்தனர். பணி மேற்பார்வையாளர் ஒருநாள் முழுவதும் மரத்தடியில் அமர்ந்து, யார் எத்தனை நடை நடக்கிறார், நடைக்கு எத்தனை கல் கொண்டுவருகிறார் என்று கோடு போட்டு எண்ணி வந்தார். ஆண்கள் ஒரு நடைக்குச் சில கற்கள் கூடுதலாக எடுத்தது உண்மை. ஆனால், இடையிடையே பீடி பிடிக்கவும், தேநீர் அருந்தவும், கைப்பேசியில் பேசவும் அவர்கள் நின்றதும் உண்மை. பெண்கள் நடை கூடுதலாக நடந்தனர். மாலையில் சுவரடியில் சேர்ந்திருந்த கல்லை ஒப்பிட்டபோது, கூலியில் இருந்த வேறுபாட்டுக்கு ஏற்ற வேறுபாடு அங்கே காணப்படவில்லை. இதற்கு மேல், மணல் சலித்ததும், சுவருக்குத் தண்ணீர் ஊற்றியதும், மாலையில் சட்டி மண்வெட்டிகளைக் கழுவி அடுக்கியதும் பெண்களே. அவ்வேலைகளை எவரும் எண்ணவில்லை. அவற்றை எண்ணும் வழக்கமே நம்மிடம் இல்லை.

நாள் ஒன்றுக்கு 150 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் 250 நாள் வேலை கிடைத்தால் 37,500 ரூபாய் ஆகிறது. ஒரு பெண் இருபது ஆண்டு சட்டி தூக்குகிறாள் என்றால், இந்தக் கணக்குப்படி ஏழரை இலட்சம் ரூபாய் அவளிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. கலைஞர் கனவு இல்லத் திட்டம் 2024ஆம் ஆண்டில் தொடங்கியபோது, 360 சதுர அடி வீடு ஒன்றுக்கு அரசு ஒதுக்கிய தொகை மூன்றரை இலட்சம் ரூபாய். அப்படியாயின், அப்பெண் தன் கூலிக் குறைவினால் இரண்டு வீடுகளை இழந்திருக்கிறாள் என்றே கொள்ள வேண்டும்.

ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்பது புதிய கொள்கையன்று. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் இதனை விதித்தது. அதன் கருத்தை 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு ஏற்றுக்கொண்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தைக் காட்டிலும் நமக்கு நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் நம் ஊர்களில் ஏரி, குளம், வாய்க்கால் வேலைகள் நடைபெற்றன. அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலிதான். தமிழ்நாட்டில் அவ்வேலைக்கு வந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்கள். அதனால் எந்த ஏரியின் கரையும் உடைந்துவிடவில்லை. ஏரிக்கரையில் சமமாயிருந்தவர்கள் வீட்டுச் சுவரடிக்கு வந்ததும் எவ்வாறு ஏற்றத்தாழ்வு உடையவராவர்?

கணவனும் மனைவியும் சேர்ந்து வேலைக்கு வரும் இடங்களில் இன்னொரு வழக்கம் உண்டு. இருவர் கூலியையும் சேர்த்துக் கணவன் கையில் கொடுத்துவிடுவர். மேஸ்திரியின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பெயரே இருக்கும். பக்கத்தில் 'ஜோடி' என்று எழுதியிருக்கும். அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. இதனால் விளையும் தீங்கு மானக்குறைவு மட்டுமன்று. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெற்றவர்களுக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, மகப்பேற்று உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை உண்டு. பதிவுக்கு வேண்டுவது, இவர் கட்டட வேலை செய்கிறார் என்பதற்கான சான்று. பெயரே எழுதப்படாதவர் எந்தச் சான்றைக் காட்டுவார்? கணவன் பதிவு செய்துகொள்கிறான். சாரத்தில் அவனுக்கு நேர் கீழே நின்று கல் எடுத்துக் கொடுத்தவள் வெளியே நிற்கிறாள். ஆகவே மேஸ்திரிமார்கள் நோட்டில் ஆளுக்கொரு வரியாகப் பெயர் எழுதி, அவரவர் கூலியை அவரவர் கையிலோ வங்கிக் கணக்கிலோ சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

சுமையைப் பற்றியும் ஒரு சொல். ஒரு மூட்டை சிமெண்டு 50 கிலோ. 1998ஆம் ஆண்டின் மத்தியக் கட்டடத் தொழிலாளர் விதிகள், வளர்ந்த ஆண் ஒருவர் தனியே தூக்கத்தக்க எடை 55 கிலோ என்றும், வளர்ந்த பெண்ணுக்கு 30 கிலோ என்றும் வரம்பிட்டன. அவ்விதிகள் பிறந்த 1996ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது வேறொரு தொகுப்பில் அடங்கிவிட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம், முதுகெலும்பு மாறவில்லை. நம் பக்கத்துச் செங்கல் ஏறத்தாழ மூன்று கிலோ இருக்கும். ஆகையால் பெண் தலையில் பத்துக் கல்லுக்கு மேல் அடுக்குவது அவ்வரம்பைக் கடப்பதாகும். சிமெண்டு மூட்டையை அவள் தனியே தூக்குவது என்பது நினைக்கவும் தகாதது. இருவர் சேர்ந்து தூக்கலாம், தள்ளுவண்டியில் உருட்டலாம், மேலே ஏற்றுவதற்குக் கப்பியும் கயிறும் போதும்.

இங்கே தலைக்கவசத்தின் செய்தியும் வருகிறது. தலைக்கவசம் அணியச் சொல்லி நாம் சுற்றறிக்கை அனுப்புகிறோம். சும்மாடு வைத்துச் சட்டி சுமக்கும் பெண் அதனை எங்கே அணிவாள்? வேலைத்தளங்களில் தலைக்கவசம் மேஸ்திரியின் தலையிலும், பார்வையிட வரும் நம் போன்றோர் தலையிலும் மட்டும் காணப்படுவதன் காரணம் இதுவே. சுமையைத் தலையிலிருந்து இறக்கினாலன்றிக் கவசத்தைத் தலையில் ஏற்ற முடியாது. ஆயினும், சுமையை இயந்திரம் எடுத்துக்கொண்டவுடன் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுவது நீதியாகாது. கலவை இயந்திரம் வந்த இடங்களிலெல்லாம் அதை இயக்கும் வேலை ஆணுக்குச் சென்றிருக்கிறது. பெண்ணுக்கு இருந்த வேலையும் போயிருக்கிறது. விசையைத் திருப்புவதற்கும், ஜல்லி, மணல், சிமெண்டு, தண்ணீர் ஆகியவற்றை அளவோடு கொட்டுவதற்கும் மீசை எதற்கு?

இனி அழைக்கும் முறை. தளம் போடும் நாளில் வேலைத்தளத்தில் போய் நின்று பாருங்கள். தண்ணீர் ஊற்றிக் கலந்த கான்கிரீட் இறுகத் தொடங்கும் முன்னே மேலே சென்றாக வேண்டும். அரைமணிக்கு மேல் தாமதிக்க இயலாது. எல்லோருக்கும் பதற்றம். அன்றுதான் வாயில் வரக்கூடாத சொற்களெல்லாம் வரும். "ஏய்", "வாடி", "டேய்" என்பவை அவற்றுள் மென்மையானவை. அவசரம் என்பது மெய்யே. ஆனால் அந்த அவசரத்திலும் வீட்டுக்காரரை மேஸ்திரி "வாங்க, தள்ளி நில்லுங்க" என்று பணிவாகவே சொல்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? அவசரத்தினால் நாக்குத் தடுமாறுகிறது என்றால் எல்லோரிடமும் தடுமாற வேண்டும். சிலரிடம் மட்டும் தடுமாறுவது அவசரத்தின் குற்றமன்று.

தம் வயதில் பாதி உடையவரிடம் 'வா, போ' என்று ஏவல் கேட்கும் முதியவர்கள் நம் வேலைத்தளங்களில் இருக்கிறார்கள். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று நாம் விரித்துக் கூற வேண்டியதில்லை. அண்மைக் காலமாக ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வரும் இளைஞர்கள் சிற்றூர்களிலும் கம்பி கட்டுகிறார்கள், சென்ட்ரிங் அடிக்கிறார்கள். அவர்களுக்கும் தாய் தந்தையர் இட்ட பெயர் உண்டு. 'வடக்கன்' என்பது பெயராகாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் கப்பல் ஏறிய நம் முன்னோரைக் கங்காணிமார்கள் எவ்வாறு அழைத்தார்கள் என்பதைப் பாட்டன்மார் வாய்வழி கேட்டறிந்த குடும்பங்கள் இக்கூட்டத்திலும் இருக்கக்கூடும். பெயர் சொல்லி அழையுங்கள். அல்லது அண்ணன், தம்பி, அக்கா, அம்மா என்று அழையுங்கள். 'அக்கா, அக்கா' என்று வாயாரச் சொல்லிக்கொண்டே கூலியைக் குறைப்பவரும் உளர் என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் கூலியைப் பற்றி முதலில் பேசினோம்.

தண்ணீரைப் பற்றிக் கூறுவோம். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டிலும் 1989ஆம் ஆண்டிலும் அதற்கெனச் சட்டங்கள் வந்தன. இரட்டைக் குவளை என்னும் கொடுமை இன்று வெளிப்படையாக நிற்பதில்லை. வேறு உருவில் வருகிறது. ஒரு வேலைத்தளத்தில் வீட்டுக்காரர் அனைவருக்கும் தேநீர் கொடுத்தார். சிலருக்கு எவர்சில்வர் குவளை, சிலருக்குக் காகிதக் குவளை. "காகிதக் குவளை சுத்தமானதாயிற்றே" என்று அவர் சொன்னார். சுத்தமானதாயின் அதை எல்லோருக்கும் கொடுத்திருக்கலாமே என்று கேட்டோம். விடை வரவில்லை. ஒரே குடம், ஒரே வகைக் குவளை, அனைவரும் தாமே மொண்டு குடிக்கும் உரிமை: அரசின் பணம் செல்லும் வேலைத்தளங்களில் இதில் எவ்விதச் சலுகையும் கிடையாது.

தண்ணீரை அடுத்து வருவது கழிப்பிடம். இதனை மேடையில் பேசக் கூச்சப்படுவோர் உண்டு, நாம் கூச்சப்படவில்லை. சித்திரை வெயிலில் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை சட்டி சுமக்கும் பெண்கள், ஒதுங்க இடமில்லை என்ற ஒரே காரணத்தால் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். மயக்கமும், நீர்க்கடுப்பும், சிறுநீரகக் கோளாறும் அதனால் வருகின்றன. மாதவிலக்கு நாட்களில் பாதிப் பெண்கள் வேலைக்கே வருவதில்லை என்று ஒரு மேஸ்திரி குறைப்பட்டுக்கொண்டார். வந்தால் எங்கே போவார்கள் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

இதற்கு வழி மிக எளிது. ஒவ்வொரு திட்ட வீட்டுடனும் கழிப்பறை ஒன்று கட்டியே ஆக வேண்டும். இதுவரை வீடு முடிந்த பின் கடைசியாகக் கழிப்பறையைக் கட்டி வந்தோம். அதனை முதலில் கட்டினால் என்ன? உறிஞ்சுகுழி இரண்டு தோண்டி, இடைவெளி விட்டுச் செங்கல் வைத்து, பீடம் பதித்து, நான்கு சுவரும் ஒரு கதவும் வைக்கச் சில நாட்களே போதும். அஸ்திவாரம் தோண்டத் தொடங்கும் நாள் முதல் சாவி கொடுக்கும் நாள் வரை வேலையாட்கள் அதனைப் பயன்படுத்தலாம். தனிச் செலவு ஒன்றுமில்லை.

இதைச் சில ஊர்களில் சொன்னபோது எழுந்த தடை பணத்தைப் பற்றியதன்று. "எங்கள் வீட்டுக் கழிப்பறையை அவர்கள் முதலில் பயன்படுத்துவதா?" என்றார்கள். 'அவர்கள்' என்ற சொல்லை எந்த அழுத்தத்தோடு சொன்னார்கள் என்பதை எழுத்தில் காட்ட முடியாது. அவ்வீட்டின் அஸ்திவாரக் கல்லைத் தொட்டவர்கள் அவர்கள். அடுப்பங்கரைச் சுவரைப் பூசுகின்றவர்கள் அவர்கள். சாமி அறையின் மாடத்தைக் கட்டிக் கொடுப்பவர்களும் அவர்களே. அக்கைகள் பட்ட வீட்டில் குடியிருக்கலாம், அவர்கள் கால் பட்ட கழிப்பறையை மட்டும் தொடலாகாது என்றால் அது என்ன ஆசாரம்? ஓர் ஊரில் வீட்டுக்கார மூதாட்டி ஒருவரே இவ்வழக்கைத் தீர்த்துவைத்தார். தாமும் ஒரு காலத்தில் சித்தாளாக இருந்தவராம். "நான் பட்டது போதும், கதவுக்குக் கொண்டியைப் போடுங்கள்" என்றார். மகன் மறு சொல் பேசவில்லை.

அடுத்துச் சொல்லவிருப்பது சற்றுக் கடினமான செய்தி. நாளை யாரை வேலைக்கு அழைப்பது என்பதை மேஸ்திரி தீர்மானிக்கிறார். இந்த அதிகாரம் எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஆயினும் எழுதப்பட்ட அதிகாரங்கள் பலவற்றைக் காட்டிலும் அது வலிமை உடையது. தகாத பேச்சையோ தொடுதலையோ மறுக்கும் பெண்ணுக்கு மறுநாள் வேலை இல்லை. அவள் வாய் திறவாமல் இருப்பதை இசைவு என்று எவரும் எண்ண வேண்டாம்.

1992ஆம் ஆண்டில் ராஜஸ்தானத்தில், குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற கிராம வளர்ச்சிப் பெண் ஊழியர் ஒருவர் பெருங்கொடுமைக்கு ஆளானார். அவர் நம்மைப் போன்றே ஊர் ஊராகச் சென்று பணி செய்தவர். அதனை ஒட்டி எழுந்த விசாகா வழக்கில், 1997ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. 2013ஆம் ஆண்டில் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. அச்சட்டம் அலுவலகப் பெண்களுக்கு மட்டுமே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. பத்துப் பேருக்குக் குறைவானவர் வேலை செய்யும் இடங்களுக்காகவே மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு அமைக்க அச்சட்டம் விதித்துள்ளது. நம் 360 சதுர அடி வீட்டு வேலையில் பத்துப் பேர் இருப்பது அரிது. ஆகவே நம் பெண்களுக்குரிய இடம் அக்குழுவே. நடந்த மூன்று மாதத்திற்குள் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் குழு இடமளிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது குழுவின் கடமை. வட்டார அளவில் புகாரைப் பெறும் அலுவலர் ஏழு நாட்களுக்குள் அதனைக் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும். அவசர உதவிக்குப் பெண்கள் 181 என்ற எண்ணுக்குத் தொலைபேசலாம். இச்செய்திகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வோர் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டுமாறு செயலர்களுக்கு உத்தரவு அனுப்பப்பட்டுள்ளது. மேஸ்திரிமார்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள் என்பதை நாம் அறிவோம். அவர்களுக்கு இதனால் இழப்பு ஏதுமில்லை.

இறுதியாகக் கரண்டியைப் பற்றிக் கூற வேண்டும். பதினெட்டு வயதில் பெரியாளாக வரும் பையன் சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவனுக்கு முன்பே வந்த பெண், அவன் மேஸ்திரியான பின்பும் அவனிடமே சட்டி தூக்குகிறாள். கலவை பதத்தைக் கையால் தொட்டே கூறிவிடுவாள். தூக்குக்குண்டு சாய்வதைத் தொலைவிலிருந்தே கண்டுகொள்வாள். கரண்டியை மட்டும் அவளிடம் எவரும் கொடுக்கவில்லை. ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டும் இயக்கத்தின்போது கிராமப் பெண்கள் கொத்து வேலை பயின்று, 'ராணி மிஸ்திரி' என்று சிறப்புப் பெயர் பெற்றனர். கேரளத்தில் குடும்பஸ்ரீ அமைப்பைச் சேர்ந்த பெண்கள் குழுவாக நின்று வீடுகளையே கட்டி முடித்திருக்கின்றனர். நம் சகோதரிகளால் மட்டும் ஆகாதா? தங்கள் பிழைப்புக்கு இடையூறு வருமோ என்று கொத்தனார்கள் அஞ்சுவதும் நமக்குப் புரிகிறது. ஆனால் கொத்தனார் கிடைக்கவில்லை என்று லிண்டல் மட்டத்தோடு வேலை நிற்கும் வீடுகளைப் பற்றி, இதே கொத்தனார்களிடம் நாம் மாதந்தோறும் மன்றாடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

வரும் மாதம் தொடங்கும் வீடுகளில் கழிப்பறைகளை முதலில் கட்டப் போகிறோம் என்றோம். அக்கழிப்பறைகளையே பயிற்சிக் களமாகக் கொள்ள எண்ணியுள்ளோம். சிறிய சுவர், தவறினால் இடித்துக் கட்டலாம். மூத்த கொத்தனார் இருவர் கற்றுக்கொடுக்க இசைந்துள்ளனர். பயிலும் நாட்களுக்கும் கூலி உண்டு. கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு, ரசமட்டம் ஆகியவை ஒன்றியத்தின் சார்பில் வழங்கப்படும். விரும்பும் சகோதரிகள் ஆதார் அட்டையுடன் வாயிலருகே உள்ள மேசைக்குச் சென்று பெயர் பதிந்துகொள்ளலாம். நல வாரியத்தில் இதுவரை பதிவு செய்யாதவர்களும் அங்கேயே விவரம் கேட்டறியலாம். மேசை மாலை ஐந்து மணி வரை இருக்கும். குழந்தைகளைக் கொண்டுவந்திருப்பவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம், முன்னே வரலாம்.